முப்பத்தொரு வீட்டுக்கு ஒரு காலிப் பெட்டி

தெருவில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. பல் கட்டித் தரும் அக்கா என்று யாரோ சொல்லத் தொடங்கியது, வாய்க்கு வசதியாக அப்படிச் சுருங்கிவிட்டது. அவள் கணவர் பஸ் டிரைவர். "பகல் முழுக்க பஸ் ஓட்டிட்டு, வீட்டுக்கு வந்து பல்லக்கு தூக்குறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், அதை அடுத்துச் சின்ன உலை, சுவர் முழுக்க எண் எழுதி அடுக்கிய தாடை அச்சுகள். முன்பெல்லாம் பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து ஆள் மூலம் அனுப்புவார்கள். பிறகு எல்லோரும் ஸ்கேன் எடுத்து ஃபைலாக அனுப்பத் தொடங்கினார்கள். அவள் வீட்டில் இருந்ததோ பழைய டெலிபோன் லைன். ஒரு தாடை வந்து இறங்க அரை நாள் ஆகும். தொண்ணூறு சதவீதத்தில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுக்க முடியாத நாட்களில் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, டாக்டரிடமே போய் வாங்கி வருவாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

நாடு முழுக்க ஃபைபர் இணைப்பு தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது, தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான். கதவு எண்ணைப் போட்டால், அந்த வீட்டுக்கு இணைப்பு கிடைக்குமா என்று சொல்லும் இணையதளம் ஒன்று வந்தது. திங்கட்கிழமை காலையில் வேலையைத் தொடங்கும் முன் அதைத் திறந்து பார்ப்பது அவளுக்கு வழக்கமானது. தன் எண்ணை மட்டுமல்ல, தெருவின் முப்பத்தொரு எண்களையும் போட்டுப் பார்ப்பாள். ஒரு பக்கத்து வீடுகளுக்குக் கிடைத்து மறுபக்கத்துக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். மூன்று வருடமாக எல்லா எண்ணுக்கும் ஒரே பதில்: திட்டத்தில் உள்ளது. இரண்டு வருடத்துக்கு முன் வீடுகளுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கவென்று தெருமுனையில் இடுப்பளவு உயரத்தில் பச்சைப் பெட்டி ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் லைன் வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை பதில் மாறியிருந்தது. இணைப்பு கிடைக்கும். முப்பத்தொரு எண்ணுக்கும் அதேதான். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். எதிர்வீட்டு அண்ணியின் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். வீடியோ காலில் அவன் முகத்தை அண்ணி உறைந்து நிற்கும் படமாகத்தான் பார்த்துப் பழகியிருந்தாள். செய்தி கேட்டதும் பல்லக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பதிவு செய்துவிட்டது.

வியாழக்கிழமை டெக்னீஷியன் வந்தார். பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். பல்லக்காவும் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. அடியில் குழாய் வர வேண்டிய இடத்தில் வெறும் மண். அதில் எறும்புகள் புற்று வைத்திருந்தன.

"இதுல ஒண்ணுமே இல்லைங்க" என்றார் டெக்னீஷியன். தன் போனில் பதிவை எடுத்துக் காட்டினார். வேலை முடிந்தது, முப்பத்தொரு வீட்டுக்கும் கேபிள் இழுத்துச் சோதித்தாகிவிட்டது என்று இருந்தது. "எட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். காலிப் பெட்டிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

தினமும் சாய்ந்து நின்று பேசிய பெட்டி அது. அண்ணி திறந்த பெட்டிக்குள் கையை விட்டு, நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் கணவர் லீவு போட்டுவிட்டு வர, இருவரும் மண்டல அலுவலகத்துக்குப் போனார்கள். புகார்களைப் பார்க்கும் அதிகாரி ஓர் அம்மா. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தத் தெருவின் கோப்பை எடுத்துவரச் செய்தார். ஒரு தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். வேலை முடிந்ததை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்ததாகத் தெருவாசி ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பதாகவும், பெயர் தெளிவாக இல்லை என்றும் சொன்னார். இது யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய கையெழுத்து. தாளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விரல் தடம்கூட இருந்தது. தாடை அச்சு வார்க்கும் மாவு.

கையெழுத்துப் போட்ட மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. மாவு குழைத்தால் நான்கு நிமிடத்தில் இறுகிவிடும். கிண்ணமும் கையுமாக நின்ற நேரத்தில் ஒருவன் கோப்போடு வந்து, தெருவைத் தோண்ட அனுமதி வேண்டும், ஒரே ஒரு கையெழுத்து என்றான். கதவு நிலையில் தாளை வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு வரி படிக்கவில்லை. ஒரு பல்லின் விளிம்பில் முடியளவு பிசகு இருந்தாலும் உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்கிறவள், வந்தவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். கூடவே வந்த கணவரிடம் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். "அவங்களுக்கு யாருன்னு தெரியல. பெட்டி காலியா இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

"மேடம், அது என் கையெழுத்து. பாக்காமப் போட்டுட்டேன்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இதை எழுத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். முடிந்தது என்ற பதிவு ரத்தாகும். தெரு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அவளும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் வெறும் பழுதுப் புகார்; அது போய்ச் சேரப்போவது பெட்டியை நட்ட அதே காண்ட்ராக்டரிடம்தான்.

அவள் எழுதிக் கொடுத்தாள். ஒரு சொல் பிசகியதில் முதல் தாளைக் கிழித்துவிட்டு இரண்டாவது தாளில் எழுதினாள்.

அன்று மாலை தெருக்காரர்களைத் தன் வீட்டு வாசலுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சிலர் காண்ட்ராக்டரைத் திட்டினார்கள். சிலர் அவளை ஏறிட்டும் பார்க்காமல் கிளம்பினார்கள். அண்ணி கடைசிவரை நின்றிருந்தாள்.

"கையெழுத்து போட்டது கூடப் பரவால்ல. எங்கள ஒரு வார்த்தை கேக்காம எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை முப்பத்தொரு எண்ணுக்கும் ஒரே பதில் வந்தது: இணைப்பு இல்லை. திட்டத்தில் உள்ளது என்ற பழைய வார்த்தைகூட இல்லை. அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் அதிகாரிக்கே அதிர்ச்சி. அந்தக் காண்ட்ராக்டர் நட்ட ஒன்பது பெட்டிகளைத் திறந்ததில் ஏழு காலி. ஏழு தெருவிலும் யாரோ ஒருவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டவர். ஒருத்தி அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டவள். ஒரு தாளில் கையெழுத்துக்கு உரியவர், அதில் இருந்த தேதிக்கு ஆறு மாதம் முன்பே இறந்துபோயிருந்தார். விசாரணை அறையில் அவருடைய மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பல்லக்கா தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

காண்ட்ராக்டரின் உரிமம் ரத்தானது. வேறு ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். லைன் வரப் பதினோரு மாதம் பிடித்தது. அவ்வளவு நாளும் பல்லக்கா பென் டிரைவோடு பஸ் ஏறினாள். எதிரே வரும் அண்ணியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

இணைப்பு கொடுத்த அன்று வந்த முதல் தாடை, ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. பாதிதான் வந்திருக்கிறது என்று பயந்து திறந்து பார்த்தாள். முழுதாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணி உள்ளே வந்து, அச்சுகளுக்கு நடுவே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பையன் ஒரு மணி நேரம் பேசினான். படம் நிக்கவே இல்ல" என்றாள். பிறகு, "எனக்கு உன் மேல இன்னும் கோவம் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி. இருங்க, டீ போடுறேன்."

"சக்கரை கம்மியாப் போடு" என்றாள் அண்ணி.