மூன்றால் வகுக்கும் வரி

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். செல்போனிலேயே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரத்தநாடு பக்கம் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் கம்பெனியில் சேர்ந்தேன். என் படிப்பு தெரிந்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள், என் புரோகிராமைச் சரிபார்க்கும் சென்னை மேடத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “விவசாயி சொல்ற நில அளவை எதுக்கு மூணால வகுக்கிறீங்க? தேவையில்லன்னா அந்த வரியை எடுத்துடறேன்.”

எங்கள் கம்பெனியில் இப்படிக் கேட்டால் விளக்கத்தை இங்கிலீஷில்தான் எழுதித் தர வேண்டும். என் இங்கிலீஷைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பயத்தில் “சரிங்க மேடம்” என்று அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலை ஆறு மா சம்பாவுக்கு மருந்தடிக்க வேண்டும். உடனே மேடத்துக்குப் போன் செய்தேன்.

“எடுத்துடாதீங்க மேடம். இங்க நிலத்தை மாவுலதான் சொல்லுவாங்க. மூணு மா சேர்ந்தாதான் ஒரு ஏக்கர். வகுக்கலன்னா ட்ரோன் அதை ஏக்கர்னு எடுத்துக்கும், மருந்து மூணு மடங்கு விழுந்து பயிர் கருகிடும்.”

“ஐயோ, எடுத்துட்டேனே! இருங்க, திரும்பப் போட்டுடறேன். இதை அந்த வரிக்கு மேலயே கமென்ட்டா, ஒரு குறிப்பா எழுதியிருக்கலாமேங்க?”

“இங்கிலீஷ் வராதுங்க. ஒன்பதாவதுதான் படிச்சேன்.”

“எனக்கு மட்டும் மா தெரிஞ்சுதா? தமிழ்லயே எழுதுங்க.”

இப்போது குழப்பமான ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் காரணம் எழுதிவிடுகிறேன். ‘சரிங்க’ என்று அனுப்புவதற்கு முன்னால் மட்டும் இன்றும் ஒருமுறை நின்று யோசிக்கிறேன்.