செந்தலைத் தாராவும் நாலாம் சடங்கும்

1. உறைபனி

"வதனி, உம்மடை கலியாணக்காரருக்குப் போன் எடுத்து, தாரா இல்லை எண்டு சொல்லும்."

முதலாளி கொலின் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்துவிட்டேன்.

கிழக்கு லண்டனில் வேட்டை இறைச்சி விற்கும் கடை அது. பின்னறையில் இறகு பிடுங்கி, குடல் எடுத்து, வெட்டிக் கொடுப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். டென்மார்க்கில் கோழித் தொழிற்சாலையில் சில வருடம் நின்றுவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

செவன் கிங்ஸில் இருக்கும் குணம் அண்ணை மகளின் நாலாம் சடங்குக்குக் காட்டு வாத்து, எங்கள் பேச்சில் காட்டுத் தாரா, கேட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்குக் கலியாணத்தன்று மரக்கறிதான். கலியாணம் முடிந்து நாலாம் நாள் வரும் நாலாம் சடங்கில்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு இறைச்சி, மீன் என்று மச்சம் வைத்து மரியாதை செய்வது.

"ஆடும் கோழியும் எல்லாரும் குடுக்கினம் தங்கச்சி. நான் வேட்டை இறைச்சி குடுக்கப்போறன் எண்டு சம்பந்தியிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றார்.

"பயப்படாதேங்கோ அண்ணை" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் நன்றாக நித்திரை கொண்டிருப்பார். நான் கொள்ளவில்லை.

நான் பயந்தபடியே உறைபனி வந்தது. ஆழமில்லாத குளங்கள் எல்லாம் உறைந்து, வழக்கமாக நாங்கள் விற்கும் பச்சைத்தலைத் தாராக்கள் எங்கோ போய்விட்டன. உறையாமல் கிடந்தது சரளைக்கல் தோண்டிய ஆழமான ஒரு குளம் மட்டும். அங்கே நின்றவை எல்லாம் நீருக்கடியில் மூழ்கி இரை தேடும் தாராக்கள்.

"மூழ்குற சாதி வேண்டாம். வாயிலை வைச்சால் சேறு. நாய்க்குத்தான் போடலாம்" என்றார் கொலின்.

டென்மார்க்கில் வேட்டைக்காரர்கள் மூழ்கும் சாதியிலேயே செந்தலைத் தாராவைப் பச்சைத்தலைக்கு மேலாக வைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டும் இருக்கிறேன். அதைச் சொல்லி, "நான் பொறுப்பு" என்றேன்.

"சரி. சம்பந்தி திண்டுபோட்டுச் சத்தி எடுத்தால் கடையின்ரை பேரைச் சொல்லாதேயும்."

2. குளக்கரை

விடியும் நேரம் வான் ஓட்டுநர் சிறி அண்ணையுடன் அந்தக் குளத்துக்குப் போனேன். அந்தக் குளத்தில் சுட அனுமதி உள்ள வேட்டைக்காரர் ஜெப், கூட்டாளிகள் இருவருடன் நாணலுக்குள் குந்தியிருந்தார். பக்கத்தில் கறுப்பு நாய்.

"பனியிலை வழுக்கி விழுந்தால் என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டேன்.

"நீர் விழுந்தால் தாரா எல்லாம் சிரிச்சே செத்துப்போம். தோட்டா மிச்சம்" என்றார் சிறி அண்ணை.

பச்சைத்தலை வந்தால் குளத்தைச் சுற்றி நோட்டம் பார்த்துத்தான் இறங்கும். மூழ்குகிற தாராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீர்மட்டத்தை ஒட்டி நேராக, மோட்டார்வேயில் கார் போவதுபோல வரும். சிறகின் சீழ்க்கை காதில் விழும்போது தாரா கடந்துவிட்டிருக்கும். ஜெப் துப்பாக்கியை அதற்கு நல்ல தூரம் முன்னாலே பிடித்துச் சுட்டார். கிட்ட வந்தும், கரையோரப் பனிக்கட்டியை ஒட்டிப் போன ஒரு கூட்டத்தைச் சுடாமல் விட்டார்.

"ஏன் விட்டனீங்கள்?"

"காயப்பட்டால் மூழ்கி, அடியிலை பாசியைக் கவ்விக்கொண்டு கிடக்கும். இந்தப் பனிக்குள்ளை நாய் தேடேலாது. எடுக்க ஏலாததைச் சுடக் கூடாது."

அந்த வார்த்தைக்காகவே அவரிடமிருந்து வாங்கலாம் என்று நினைத்தேன். சூரியன் மேலே வந்தபோது பதினாறு செந்தலையும் ஆறு குடுமியும் கிடைத்திருந்தன. குடுமி என்பது தலையில் சின்னக் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைத் தாரா.

3. இரைப்பை

இந்தத் தாராவின் ருசி இனத்தில் பாதி, தீனியில் பாதி. பாசி வேரும் விதையும் தின்றது என்றால் கொழுப்பு இனிக்கும். சிப்பி தின்றது என்றால் அதே கொழுப்பில் சேறும் மீனும் மணக்கும். ஆகவே ஒவ்வொன்றின் இரைப்பையையும் வெட்டிப் பார்த்தேன்.

குடுமி ஆறிலும் சிப்பித் தூள். எதிர்பார்த்ததுதான். ஆனால் செந்தலையிலும் நாலுக்குள் சிப்பி கிடந்தது. வெளியில் எந்த வித்தியாசமும் இல்லை. மிஞ்சியது பன்னிரண்டு. விருந்துக்கு எண்பது பேர்.

சிறி அண்ணை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுச் சரக்குத்தூளை அள்ளிக் கொட்டினால் ஆருக்குத் தெரியும்?"

"கொழுப்பிலை ஊறின மணம் தூளுக்கு அடங்காது அண்ணை."

அவர் போனபிறகு, தசைக்குள் தோட்டாவிலிருந்து சிதறிய இரும்புச் சன்னம் இருக்கிறதா என்று பன்னிரண்டிலும் பெரிய காந்தத்தை ஓட்டினேன். மாப்பிள்ளையின் தாய்க்குப் பல் உடைவதுபோல முதல் நாளே கனவு கண்டிருந்தேன்.

குணம் அண்ணை வந்தார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எண்பது பேருக்குப் பன்னிரண்டு தாராவோ? சபையிலை என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அந்தப் பத்தையும் சேர்த்துத் தாரும் பிள்ளை."

"தரமாட்டன் அண்ணை. முதல்லை இதைச் சாப்பிட்டுப் பாருங்கோ."

ஒரு செந்தலையின் நெஞ்சைத் தோலோடு, தோல் கீழே இருக்கச் சட்டியில் வைத்தேன். எண்ணெய் விடவில்லை. அதன் கொழுப்பே உருகி அதைப் பொரித்தது. உப்பும் மிளகும் மட்டும். எங்கள் ஆட்கள் சிவப்பாகத் தின்னமாட்டார்கள் என்று நன்றாக வேகவிட்டேன். அவர் மெல்லத் தொடங்கினார்.

"பிள்ளை, இது இறைச்சியோ, நெய்யிலை வதக்கின ஈரலோ?" என்று கேட்டு அடுத்த துண்டை எடுத்தார். பிறகு முகம் சுருங்கியது. "நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் எண்பது பேருக்குக் காணாதே."

"கறியாய் வைச்சால் காணாது. ஆட்டுக்கறி பெரிய சட்டியிலை இருக்கட்டும். இதைச் சின்னத் துண்டாய் வெட்டி, வெங்காயத்தோடை பிரட்டி, சாப்பாட்டுக்கு முன்னம் பைட்ஸாய் மாப்பிள்ளை பகுதி மேசைக்கு மட்டும் அனுப்புங்கோ."

"குறையக் குடுத்தால் கஞ்சன் எண்டு சொல்லுவினம்."

"கூடக் குடுத்து மணத்தால் என்ன சொல்லுவினம்?"

அவர் மிச்சம் பதினொன்றையும் தூக்கிக்கொண்டு போனார்.

4. விருந்து நாள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. குணம் அண்ணையின் பெயர். எடுக்காமல் விடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்தால் பின்னால் ஒரே கூச்சல்.

"என்னண்ணை, ஆருக்கும் ஏதுமோ?"

"ஏதுமோ! சம்பந்தி தாராத் தட்டை மடியிலை வைச்சு, தன்ரை தம்பிக்கே குடுக்கிறார் இல்லை. சம்பந்தியம்மா குசினிக்குள்ளை வந்து சட்டியை வழிக்கிறா. ஆடு அப்பிடியே கிடக்கு! இஞ்சை, உம்மோடை கதைக்கோணுமாம்."

சம்பந்தியம்மா வந்தார். "தங்கச்சி, நோர்வேயிலை காட்டுத் தாரா திண்டிருக்கிறன். இப்பிடித் திண்டதில்லை. ஆர் தெரிஞ்சு எடுத்தது?"

"நான்தான்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஒதுக்கிய பத்தையும் நான் வீணாக்கவில்லை. தோலையும் கொழுப்பையும் முழுக்க உரித்து, உப்புத் தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, மீனுக்குப்போலப் பழப்புளி விட்டுக் கறி வைத்தோம். பின்னறைக்காரர் நாங்கள் சாப்பிட்டோம். பசிக்குச் சாப்பிடலாம். விருந்தாளிக்கு வைக்க ஏலாது.

அடுத்த கிழமையிலிருந்து கொலின் செந்தலையை வாங்கத் தொடங்கினார். வேட்டைக்காரர்களிடம், "வதனி வெட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவன்" என்று சொல்லிவிட்டார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் எங்கள் கடை வழக்கம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தாராவின் தலையைப் பார்த்து ருசியைச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள். நல்லது பன்னிரண்டுதான் என்றால் பன்னிரண்டு என்றே சொல்லுங்கள். கேட்கிறவர் கோபிப்பார். உங்களுக்கும் நெஞ்சு அடிக்கும். எனக்குக் கடைசி நாள்வரை அடித்தது. அடிக்க அடிக்கத்தான் சொன்னேன்.