தீவில் மாப்பிள்ளை விசாரித்தது

பெண்ணைக் கொடுக்க முன் மாப்பிள்ளையை விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மகள் தானே தெரிந்துகொண்டு வந்த பொடியன் என்றாலும் நான் விசாரித்தேன். தகப்பன் இல்லை, தாய் ரொறன்ரோவில். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. லண்டன், பாரிஸ் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தேன். எல்லாரும் "தங்கமான பொடியன்" என்றார்கள். ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் இடித்தது.

பிறகு மகளே வாய் தவறிச் சொன்னாள். அவன் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு கிழக்கே கடலுக்குள் இருக்கும் ஒரு தீவுக்கு மான் வேட்டைக்குப் போகிறவனாம். அங்கே ஒரு கிழமைக்குப் போன் வேலை செய்யாதாம்.

நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத வீடு. மனைவி சாமியறையிலிருந்து விபூதிக் கையோடு வெளியே வந்தாள்.

"துவக்குப் பிடிக்கிறவனுக்கோ பிள்ளையைக் குடுக்கப் போறியள்? வள்ளியம்மை மான் வயித்திலை பிறந்தவ."

"அவவைக் கேட்டுப் போன முருகனும் வேடன் வேசத்திலைதான் போனவர்."

"அவர் மானைச் சுடேல்லை. அதோடை, இந்தக் காலத்திலை போன் வேலை செய்யாத ஊர் எங்கை இருக்கு? அங்கை வேறை குடும்பம் வைச்சிருக்கிறானோ, ஆர் கண்டது?"

அந்த நினைப்பு எனக்கும் வந்திருந்தது. மகள் அழவில்லை. "அப்பா, நீங்கள் வேண்டாம் எண்டால் நான் கட்டமாட்டன். ஆனா வேறை ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த வருடம் வேட்டை கந்த சஷ்டிக்கு முந்திய கிழமையில் வந்தது. "நானும் வாறன் தம்பி, சமைச்சுத் தாறன்" என்று அவனிடம் கேட்டுப் பார்த்தேன். "வாங்கோ அங்கிள்" என்று உடனேயே சொல்லிவிட்டான். ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். யோசிக்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டம், பிறகு ஒரு சின்ன விமானம். காட்டோரத்தில் ஒரு மரக் குடிலில் அவன், இரண்டு வெள்ளைக்காரர்கள், நான். எனக்கென்று ஒரு புதுப் பானை வாங்கி, இறைச்சிச் சட்டியோடு மாறுபடாமல் அதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். ஆனாலும் சாப்பிட முன் ஒவ்வொரு முறையும் மூக்கில் பிடித்து மணந்து பார்த்தேன். அவன் வெளியே போன நேரம் அவனுடைய சுடுதண்ணிப் போத்தலையும் சாராயமோ என்று திறந்து மணந்தேன். இஞ்சித் தேத்தண்ணி. என் போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தேன். உண்மையிலேயே வேலை செய்யவில்லை.

மான் என்று நினைத்து ஆளை ஆள் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் செம்மஞ்சள் அங்கி போட வேண்டும். எனக்கும் ஒன்று தந்தார்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவன் சுட்ட மான் விழாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். சாப்பிடவில்லை. "விடு, உன்னிடம் இன்னும் ஒரு அட்டை இருக்கிறது, நாளைக்கு வேறொன்று சுடு" என்று ஒரு வெள்ளைக்காரர் பிரெஞ்சில் சொன்னது எனக்கும் விளங்கியது. வேட்டைக்காரனுக்கு அரசாங்கம் அளவாகத்தான் அட்டை கொடுக்கும். சுட்ட மானில் அதைக் கட்டிவிட வேண்டும். அட்டை தீர்ந்தால் வேட்டையும் தீர்ந்தது.

விடியற்காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் அவன் புறப்பட்டான். மான்கள் கடற்பாசி தின்ன வரும் கரைப் பக்கம் போகவில்லை, காட்டுக்குள் போனான். இதுதான் சமயம் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு, தூரம் விட்டுப் பின்னாலே போனேன். அவன் நின்றால் நானும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

பன்னப் புதர்களுக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அந்த மானின் வால். ஓடும்போது கொடி மாதிரித் தூக்கும் வால், அன்று மண்ணில் கிடந்தது. இரவே செத்திருக்க வேண்டும், நரியும் காகமும் கிண்டியிருந்தன. சாப்பாட்டுக்கு உதவாது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து கடைசி அட்டையை எடுத்து அந்த மானில் கட்டினான். கட்டாமல் வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. வந்து இன்னொரு மானைச் சுட்டிருக்கலாம். அவன் என் மருமகன்தான் என்று அந்த இடத்திலேயே நினைத்துவிட்டேன்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் வண்டியில் முன்னே போக, நாங்கள் இருவரும் திரும்பிவரும் வழியில் ஒரு தெப்பனர் கடையில் கோப்பி வாங்கினோம். காருக்குள் ஏறியதும் கேட்டான்.

"அங்கிள், ஒண்டு சொல்லட்டே? அந்தச் செம்மஞ்சள் சட்டை தூரத்திலை தெரியத்தான் தாறது. அதைப் போட்டுக்கொண்டு ஒளிச்சு நிண்ட முதல் ஆள் நீங்கள்தான்."

கோப்பியைக் கீழே வைத்தேன். "எப்ப கண்டனீர்?"

"அட்டை கட்ட முதலே."

"அப்ப நான் நிண்டபடியால்தானோ கட்டினனீர்?"

"கட்டத்தான் போனனான் அங்கிள். ஆனா உங்களைக் கண்டாப் பிறகு, கட்டாமல் விடலாமோ எண்டு யோசிக்கவே வழியில்லாமல் போச்சு. ஆரும் இல்லாட்டி என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது."

'பிறகுதான் கண்டனான்' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அத்தனை ஊருக்குப் போன் எடுத்தும் கிடைக்காத ஒரு குறையை அவனே என் கையில் தந்தான்.

சென்ட் லோரன்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஓம் என்றேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குக் காட்டத்தான் கட்டினவன்."

"இருக்கலாம். ஆனா அதையும் தன்ரை வாயாலை சொன்னவன் எல்லோ?"

"அதுவும் காட்டத்தானோ?"

அவளே சாமியறை விளக்கைத் தூண்டிவிட்டு வந்து சொன்னாள்.

"சரி, சூரன்போர் முடிஞ்ச அடுத்த நாள் வரச்சொல்லுங்கோ. புட்டு அவிக்கிறன். அந்தத் தீவிலை இருந்து ஒரு இறைச்சிப் பாசலும் வீட்டுக்குள்ளை வரப்படாது."

வந்தான். கையில் ஒரு பை, வாழைப்பழமும் திராட்சையும். மனைவி வாசலில் அதை வாங்கி, மறுபக்கம் திரும்பி நின்று மணந்து பார்த்தாள். நான் கண்டேன். அவனும் கண்டிருப்பான். குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.