கஸ்தூரி டீச்சர் சுவர் வைக்காத வீடு

"அக்கா போயிடுச்சி சார்."

வியாழக்கிழமை காலை ஃபோனில் கஸ்தூரி டீச்சரின் தங்கை அஞ்சலை சொன்னது இவ்வளவுதான். சின்னசேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான், அப்படியே கள்ளக்குறிச்சியில் அவர்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

கஸ்தூரி டீச்சரும் நானும் வடக்கனந்தலில் ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். அவர் விலங்கியல், நான் கணக்கு. கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கடலையே பார்க்காத கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி, குறுக்கே கரண்டியை வைத்து, ஒரு பக்கமிருந்து ஊதச் சொன்னார். கரண்டிக்கு இந்தப் பக்கம் மாவு குவிந்தது. அந்தப் பக்கம் தட்டு தெரிந்தது.

"அந்த வெறுந்தட்டு இருக்குதே, அதான் எங்க ஊரு" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தெற்கே அடுத்த ஊரில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருந்தார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட, டீச்சரின் ஊர்க் கரையை அலை அரிக்கத் தொடங்கியது. ஒரு விடுமுறையில் நானும் அவருடன் போனேன். தெரு நேராகக் கடலுக்குள் போய் முடிந்தது. சுற்றி இருந்த மண் போய், ஒரு கிணற்றின் உறை மட்டும் ஆளுயரத்துக்கு அலைக்குள் நின்றது. கரையில் ஒரு நண்டு வளைகூட இல்லை. வீடுகளைக் காக்கக் கல்சுவர் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். சுவர் இல்லாமல் மீதி இருந்தது வடகோடியில் டீச்சரின் தாய்வீடு. அதில் தங்கை அஞ்சலை தனியாக இருந்தார்.

விடிந்ததும் அஞ்சலை எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஈர மணலில் ஆமைத் தடம். கல்சுவர்வரை ஏறி, சுவரை ஒட்டியே நெடுக ஊர்ந்து, திரும்பி, மறுபடி ஊர்ந்து, கடலுக்குள் போயிருந்தது. கல் இடுக்கில் முட்டைகள் உடைந்து கிடந்தன.

"அடிக்கடி இப்டிதான்க்கா. வூட்டு அட்ரஸ தொலச்ச மாதிரி சுத்திக்கினு போவுது. நாளைக்கு நம்ம வூட்டுக்கும் கல்லு வருது. போட்டா வூடு நிக்கும். இன்னா சொல்ற?"

டீச்சர் குனிந்து உடைந்த முட்டை ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எடம் உட்டா மணலும் கடலோட உள்ள நகந்து வரும்டி. சுவரு வெச்சா கரையே இல்லாம பூடும்."

"அம்மா செத்த வூடுக்கா!"

"நாம பொறந்த வூடும்தான். நீ என்னோட வந்துடு."

"ஐஸ் பொட்டி மீன துன்றதுக்கா கூப்புடுற?" என்று அழுதுகொண்டே திட்டினார் அஞ்சலை. ஆனால் வந்துவிட்டார்.

கடல் அந்த வீட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் எடுத்தது. போன மாசியில் மூவரும் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை. வாசல் நிலை மட்டும் மணலில் நின்றது. ஆமைத் தடம் எங்கும் தயங்காமல் அந்த நிலைக்குள் நுழைந்திருந்தது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையில், தோண்டி மூடிய சிறு மேடு. யாரோ கையால் தட்டிச் சமன்செய்ததுபோல் இருந்தது.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள போவாத அஞ்சல. தூங்குறாங்க" என்றார் மெதுவாக.

யார் தூங்குகிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அவரது சாம்பலை அங்கேதான் கரைக்கப் போகிறோம். அந்த நிலையும் இப்போது விழுந்துவிட்டதாம். வெறும் மணல்தானாம்.

போய் வாருங்கள் டீச்சர். வழியில் கல் இல்லை.