திரையில் வந்த பெண்

அத்தா நாற்காலியில். அம்மா அவருக்குப் பின்னால் நின்றபடி. கணினிக்கு முன்னால் மாமா மகள். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போனவள் அவள் ஒருத்திதான். அவளை ஒட்டி அக்கா, பெருநாளைக்கு எடுத்த பச்சைச் சேலையில். கதவோரம் நான். அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் மருந்துக் கடை மாடியில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டர் அது. ஒருவர் உட்காரும் தடுப்புக்குள் இத்தனை பேர் நெருக்கியடித்து இருந்தோம். மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருந்தார். பெண் பார்க்க வர லீவு கிடைக்கவில்லை. போட்டோ பிடித்திருக்கிறது, கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பேசுவது என்றால் எழுதுவது. எழுதுவது என்றால் இங்கிலீஷ். அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து கிடையாது. இருந்திருந்தாலும் அத்தா இங்கிலீஷில்தான் எழுதச் சொல்லியிருப்பார். அதுதான் கௌரவம் என்று நினைத்தார்.

அக்காவின் வாய் எங்கள் தெருவுக்கே தெரியும். மீன்காரம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கினால் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். மீன் வாங்க இல்லை, அக்கா பேரம் பேசுவதைக் கேட்க. "மீனுக்கு வெல சொல்றீங்களா, ஒங்க வீட்டுக்குப் பத்திரம் எழுதறீங்களா?" என்பாள். மீன்காரம்மா சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடப் போடும். நான் ஐந்தாவதோடு நின்று நெல் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனவன். எனக்குப் பேச்சு வராது. எனக்கும் சேர்த்து அவள் பேசினாள்.

திரையில் மாப்பிள்ளை எழுதியது வந்தது. ஹாபி என்ன என்று கேட்கிறார் என்றாள் மாமா மகள். அக்கா யோசிக்கவே இல்லை. "ஊர்க்கதை பேசறதுதான். கேக்கறதுக்கு ஆள் வேணும், சம்பளம் போட்டுத் தர்றேன்னு எழுது." எல்லோரும் சிரித்தோம். அத்தாகூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, அடக்கமா எழுதும்மா என்றார். மாமா மகள் ஒரு வார்த்தை அடித்தாள். குக்கிங். அடுத்து, அங்கே ஃபிளாட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. "பக்கத்து வீட்ல பேச ஆள் இருக்குமா, நான் செவத்தோட பேசணுமான்னு கேளுடி." மாமா மகளின் விரல் நின்றது. அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பக்கம் பெண் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. அத்தா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் எஸ் என்று அடித்தாள். அக்கா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். பெண் ரொம்ப அடக்கம், ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை, அதுதான் பிடித்தது என்று மகன் சொன்னதாகச் சொல்லிச் சர்க்கரையும் பழமும் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவங்க கேட்டது அந்தப் பெட்டியில வந்த பொண்ணத்தான்டா. அவள நான் எங்கேருந்து கொண்டுபோறது?"

அவள் கழுவிப் போட்ட பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன்.

கல்யாணம் ஆகி அக்கா ஷார்ஜாவுக்குப் போனாள். மச்சான் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கும் மாசாமாசம் பணம் அனுப்புவார். அத்தா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது ஓடி வந்தார். பிள்ளைகள் அங்கேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வீட்டிலும் அதுதான் பேசவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. பிள்ளைகள் குடும்பத்துக்கு ஒரு குழு ஆரம்பித்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். என் மகள் படித்துச் சொல்வாள். இப்போது போனில் தமிழும் வருகிறது. மகளை எழுதச் சொன்னேன்: அக்கா, ரெண்டு வார்த்தை தமிழ்ல போடு. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பேசியாவது அனுப்பு என்று நானே போனில் பேசி அனுப்பினேன். மம்மி பிஸி என்று அவள் மகன் எழுதினான்.

போன பெருநாளைக்கு வந்திருந்தாள். அதே மீன்காரம்மா, இப்போது மகனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருகிறது. அக்கா வந்திருப்பது தெரிந்து வேண்டுமென்றே விலையை ஏற்றிச் சொன்னது. பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். அக்கா பர்ஸைத் திறந்து கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்தாள். "என்னா தங்கச்சி, ஒண்ணும் சொல்லலியா?" என்றது மீன்காரம்மா. அக்கா சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. மீன்காரம்மா நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டது. பிறகு தானாகவே இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போனது.

மருந்துக் கடை இன்னும் இருக்கிறது. மாடியில் இப்போது போன் ரிப்பேர் கடை. போன வாரம் என் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று ஏறினேன். தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். அத்தா உட்கார்ந்த இடம், அக்கா உட்கார்ந்த இடம், எல்லாம் ஒரே கூடமாகக் கிடந்தது. அன்று அங்கே அக்கா பேசியது எத்தனை வார்த்தை என்று யாரும் எண்ணவில்லை. எண்ணி முடிகிற பேச்சும் இல்லை அது. வீட்டுக்கு வந்து மகளிடம், பெருநாளைக்கு வந்து போனதிலிருந்து அக்கா குழுவில் எழுதியதை எல்லாம் எடுத்துத் தரக் கேட்டேன். ஓகே, தேங்க்ஸ், குட் மார்னிங். படங்களை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எண்ணச் சொன்னேன்.

பதினாறு.