உதட்டுப் பாறை

அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. அதில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து, கம்பியைக் கையால் இழுத்து இழுத்து நடு ஆற்றுக்குப் போவாள் அவள். ஒரு சின்னச் சக்கரத்தைத் தண்ணீருக்குள் இறக்குவாள். அது சுற்றுவதை வைத்து நீரின் வேகம், பிறகு ஆழம், அகலம். மூன்றையும் பெருக்கினால் அருவியில் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். ஊரில் அளவுக்காரி என்றால் அவள்தான். கிண்டலாக ஆரம்பித்த பெயர். இப்போது அதைக் கிண்டலாகச் சொல்ல ஆளில்லை.

அவளுடைய அண்ணன் அருவியின் விளிம்பிலேயே டீக்கடை வைத்திருந்தான். அந்த இடத்துக்கு உதட்டுப் பாறை என்று பெயர். மேலே கெட்டிக் கல். கீழே நொய்ந்த கல், நகத்தால் சுரண்டினால் வரும். விழும் தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கீழ்க்கல்லைத் தின்றுகொண்டே இருக்கும். மேல்கல் உதடுபோல நீட்டிக்கொண்டு நிற்கும். பாரம் தாங்காதபோது உடைந்து விழும், அருவி கொஞ்சம் பின்வாங்கும். இப்படிப் பின்வாங்கியே அருவி இந்த இடத்துக்கு வந்திருந்தது.

"என் ஆயுசுக்குத் தாங்கும்" என்பான் அண்ணன். சாரல் படப் படக் குடிக்கிற டீ என்று கடைக்குக் கூட்டம் வரும்.

மழையில்லாத அந்தக் காலத்தில் மேலே அளந்தால் வழக்கமான தண்ணீர். விளிம்பில் நட்டிருந்த அளவுகோலில் மட்டும் மட்டம் இறங்கியிருந்தது. அவள் முதலில் சந்தேகப்பட்டது அண்ணனை.

"கோலை யாருண்ணே ஆட்டினது?"

"நான் ஏன் ஆட்டறேன்? துண்டுதான் காயப்போட்டேன்."

"கவர்மெண்ட் கோல்ல துண்டு காயப்போடுவியா?"

"என் துண்டா ஆத்தைக் குடிச்சுது? நீ தினம் அளந்து அளந்துதான் கண்ணு பட்டுப்போச்சு."

கோலைப் பிடுங்கி நேராக நட்டாள். மட்டம் ஏறவில்லை. அண்ணனைத் திட்டியது வீண். அப்படியானால் மீதித் தண்ணீர் எங்கே?

கீழே இறங்கி, பாசியில் தவழ்ந்து, அருவிக்குப் பின்னால் போனாள். உதட்டுக்கு அடியில் நொய்ந்த கல்லிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கடைக்குப் பின்புறம் எங்கோ பாறை பிளந்திருக்கிறது. ஆற்றில் ஒரு பங்கு விளிம்புக்கு வராமலே உள்ளே இறங்குகிறது.

சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து கடைக்கு முன்னால் கயிறு கட்டினாள்.

"என்னம்மா பண்றே? உள்ள ஆள் இருக்கு."

"அவங்களையும் கூட்டிட்டு வெளியே வா. பாறை விரிசல் விட்டுப்போச்சு."

"என் பொழப்புல மண்ணைப் போடறியே, கூடப் பொறந்தவளா நீ?"

"கத்தறதை இந்தப் பக்கம் வந்து கத்துண்ணே."

அண்ணி அடுப்பை அணைத்துக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பாறை விழவில்லை. வாரங்கள் போயின. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினான். "என் தங்கச்சிகிட்ட கல்லு வந்து கதை சொல்லும்" என்று ரோட்டில் போகிறவர்களிடம் சொன்னான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் வேலைக்குப் போகும்போதெல்லாம் கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டுத்தான் போனாள்.

மழை தொடங்கி ஒரு பிற்பகலில் தரை அதிர்ந்தது. கடை நின்ற இடத்தில் வெறும் சாரல். தொங்கும் பெட்டியில் இருந்தவள் சக்கரத்தை மேலே இழுத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றான். தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"இப்ப தண்ணி சரியா விழுதா?"

"மேல வர்றது அத்தனையும் விழுதுண்ணே."

மழை விட்டதும், புதுக் கடைக்கு அவள் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். அண்ணன் அதைத் தாண்டி இன்னும் பின்னால் போய்க் குழி தோண்டினான். விளிம்பில் புதிய அளவுகோல் வந்தது. துண்டு காயப்போட, அவள் கட்டியிருந்த கயிற்றை அவன் அவிழ்த்து எடுத்துக்கொண்டான்.