நாலு பாட்டும் நாலு கண்ணாடிப் படமும்

சங்கையாவுக்கு நாற்பத்தாறு வயது நடந்தபோது, 1961 மாசி மாதத்தில், வட்டார அலுவலகத்துக் கிராம சேவகர் செல்லச்சாமி அவரைத் தேடி வந்தார். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றின் பின்கட்டில், ஒரே அறையில், ஓர் ஆர்மோனியத்தோடு குடியிருந்தார் சங்கையா. இருபது வருஷம் நாடகங்களுக்கு வாசித்தவர். இப்போது கல்யாண வீடுகளில் எப்போதாவது கூப்பிட்டால் போவார். மற்ற நாட்களில் பிரஸ்ஸில் லேபிள் கட்டுவார்.

"அண்ணாச்சி, காலம் எப்பிடி மாறியிருக்குன்னு ஊர் ஊராப் போய்க் காட்டணும். எங்கிட்ட கண்ணாடிப் படம் காட்டுற விளக்குப் பெட்டி இருக்கு. படத்துக்கு ஒரு பாட்டு. கிணறு, பள்ளிக்கூடம் இதெல்லாம் நான் வச்சிருக்கேன். அது போக நாலு பாட்டும் நாலு படமும் நீங்களாப் பாத்துச் சொல்லுங்க."

"எந்தப் பாட்டு?"

"ஒங்கள மாத்தின பாட்டு எதுவோ அது."

அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், லேபிளுக்குப் படம் வரையும் கண்ணுச்சாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினார்.

முதல் பாட்டு அவர் அம்மா அய்யம்மாளுடையது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு நிலக்காரர் பருத்திக் காட்டில் அவள் களை எடுத்தாள். களையெடுப்புக்கு ஒரு பாட்டு உண்டு. 'ராசா எங்க எசமான், ரத்தினமாம் எங்க எசமான்' என்று ஒருத்தி எடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு வருஷம் கைக்குழந்தை பெத்தணனுக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போக அவளுக்கு உத்தரவு கிடைக்கவில்லை. குழந்தை போய்விட்டது. எட்டாம் நாள் காட்டுக்கு வந்தவள், பாட்டை எடுக்க வேண்டிய முறை வந்ததும், 'ராசா எம் பெத்தணன், ரத்தினமாம் எம் பெத்தணன்' என்று எடுத்தாள். மற்றவர்கள் களைக்கொத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பிறகு அத்தனை பெண்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். வரப்பில் நின்ற நிலக்காரர் குடையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஏழு வயதுச் சங்கையா பருத்திச் செடிகளுக்கு நடுவே இருந்து இதைப் பார்த்தார். பாட்டில் இருக்கும் வார்த்தையை மாற்றலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"என்ன வரையட்டும்?" என்றார் கண்ணுச்சாமி.

"மடக்கின குடை."

இரண்டாவது, நாடக மேடையில் பபூன் பாடிய பாட்டு. கண்ணாடிக் கிளாஸில் குடிப்பவனுக்கும் தேங்காய்ச் சிரட்டையில் குடிப்பவனுக்கும் நாக்கு ஒன்றுதானே என்று கேட்கும் நையாண்டி. மெட்டுப் போட்டவர் சங்கையா. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலையில் அந்த ஊர் டீக்கடைக்காரர் தாமாகவே அவருக்குக் கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்தார். சங்கையா அதைக் கடைசிச் சொட்டு வரை நின்றுகொண்டே குடித்தார். அதற்கு மறுநாள் பழையபடி சிரட்டை வந்தது. என்றாலும் அந்த ஒரு காலையை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். கண்ணுச்சாமி ஒரு கிளாஸ் வரைந்தார்.

மூன்றாவது, தீப்பெட்டிக் கம்பெனித் திறப்பு விழாவில் ஒலிபெருக்கியில் கேட்ட ரிக்கார்டு. ஒரு பெண் குரல். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு ஊரே நின்று கேட்டது. சங்கையாவும் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கேட்டார். தன் ஆர்மோனியப் பெட்டியில் இந்தச் சங்கதி வராது என்று பொறாமை இல்லாமல் நினைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி சோலையம்மாளிடம் சொன்னார். அவள் அவருடைய குழுவிலேயே பாடியவள்.

"அப்ப இன்னும் எதுக்கு ஊர் ஊரா அலையணும்? தீப்பெட்டி ஆபீசுக்குப் போவோம். ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. ஒரே ஊர்ல இருப்போம்" என்றாள் அவள்.

"அடுத்த சீசன் பாப்போம்."

மூன்று சீசன் அவர் அதையே சொன்னார். நான்காவது சீசன் தொடங்குவதற்கு முன்னால் சோலையம்மாள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு திருத்தங்கல் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டுத்தான் போனாள். அது வெந்து, அவர் தனியாக வடித்தார்.

"படம்?"

"ஒலிபெருக்கிதான். பெருசாப் போடு."

நான்காவதைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. அவள் போன மறுவருஷம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் சுவரோரம் நடந்து போனார். உள்ளே சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மெட்டு அவர் போட்டது. முன்னால் எடுத்த குரல் சோலையம்மாளுடையது. 'வந்தாக போனாக, வாசலில நான் நின்னேன், வாராம இருந்தாக்கா வயிறெல்லாம் காந்துதடி.' லாரி ஒன்று வந்து மிச்சத்தை அமுக்கிவிட்டது. சாத்தியிருந்த பச்சைக் கதவுக்கு வெளியே நின்றார்; உள்ளே போகவில்லை. நாலு வருஷமாக அந்த இரண்டு அடியை மனசுக்குள் பாடிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரு கதவு வரைஞ்சிரு. சாத்தின கதவு. பச்சை."

படங்களைப் பார்த்த செல்லச்சாமி கதவுப் படத்தில் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, இதுல என்ன மாத்தம் இருக்கு?"

"எனக்கு நடந்தது அதுதான், தம்பி."

செல்லச்சாமி கதவையும் மற்றப் படங்களோடு அடுக்கி வைத்தார்.

ஆறாவது ஊர் திருத்தங்கல் பக்கத்துக் காலனி. பொழுது சாய்ந்ததும் பள்ளிச் சுவரில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். கூட்டத்தில், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், சோலையம்மாள் இருப்பதைச் சங்கையா முதல் படத்திலேயே பார்த்துவிட்டார். காதோரம் நரைத்திருந்தது. குடையும் கிளாஸும் ஒலிபெருக்கியும் போயின. கதவு வந்தது. அவர் இரண்டு அடி பாடி, அதற்கு மேல் தெரியாமல் மெட்டை மட்டும் வாசித்தார். அப்போது பெண்கள் பக்கமிருந்து மிச்சப் பாட்டு வந்தது. ஒருத்தியல்ல, முப்பது நாற்பது பேர். அங்கே எல்லாருக்கும் அது தெரிந்த பாட்டாக இருந்தது. அவள் குரலை அதில் தேடித் தேடிப் பார்த்தார். பிரித்தெடுக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவளே வந்தாள்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." ஆர்மோனியத்தைப் பார்த்தாள். "அந்தப் பாட்டுக்கு எதுக்குக் கதவு வச்சீக?"

"வாசல்ல நின்னேன்னு வருதே."

"அது வெயிலப் பத்துன பாட்டு. ஐப்பசி கார்த்திகையில மூடாப்புப் போட்டா குச்சி காயாதுல்ல. வேலை நின்னு போகும். வெயில் வந்துச்சா வந்துச்சான்னு வாசல்ல நின்னு பாப்போம். மெட்டு ஒங்களது. வாய்க்கு லேசா வந்துச்சு."

அவர் ஆர்மோனியத் துருத்தியின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"என்கூட வாறியா?" என்று கடைசியில் கேட்டுவிட்டார்.

"எங்கன?"

பிரஸ்ஸின் பின்கட்டு அவர் கண்ணில் வந்தது. ஒரு பாய், ஒரு பானை. கொக்கியை மாட்டிவிட்டார்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு இங்கன பழகிப்போச்சு. விடிய முன்ன வேலைக்குப் போகணும்" என்றாள். சற்று நின்று, "வாசிக்கிற கை இன்னும் அம்புட்டு சுத்தமா இருக்கு ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பெண்களோடு நடந்தாள். அவர்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவளும் சிரித்தாள்.

மறுவாரம் சங்கையா கண்ணுச்சாமியிடம் போய், முற்றம் நிறையத் தீக்குச்சிச் சட்டங்கள், மேலே வெயில், அப்படி ஒரு படம் கேட்டார். செல்லச்சாமிக்கு அது ரொம்பப் பிடித்தது. மிச்ச அடிகளைச் சங்கையா வேறொரு தீப்பெட்டி ஆபீஸில் பஞ்சம்மாள் என்பவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று வருஷம், அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் அதை முழுசாகப் பாடினார். போகிற இடமெல்லாம் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சில ஊர்களில் அவர்களே புது அடிகள் கட்டியிருந்தார்கள். அவற்றையும் எழுதி வைத்தார்.

கதவுப் படத்தைக் கண்ணுச்சாமி திருப்பிக் கேட்டார், கண்ணாடியைத் துடைத்து வேறு வரையலாம் என்று. சங்கையா கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, விளக்கு ஏற்றாமல், வெகுநேரம் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்காமலே அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.